வாரத்தில் மூன்று நாள்

கோமுவுக்கு ஐம்பத்து நாலு வயசு. சேரன்மகாதேவியில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று சொன்னால் நாளைக்கே நாலு பேர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள், அதனால் சொல்லப்போவதில்லை. முப்பது வருஷ சர்வீஸ். ஒரு கோப்பு அவள் மேஜையில் மூன்று நாளுக்கு மேல் கிடந்தது என்று எந்த அதிகாரியும் சொன்னது கிடையாது. பென்ஷன் பேப்பரோடு வருகிற கிழவர்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டாள். இங்கே எழுதுங்க, இங்கே கையெழுத்துப் போடுங்க என்று பக்கத்தில் உட்காரவைத்து முடித்து அனுப்புவாள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொடுத்ததுதான் நிற்கும் என்று அவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

வேலை அவளுக்கு அப்பா செத்ததால் கிடைத்தது. அதே துறையில் வேலை பார்த்தவர், சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். இருபத்து நாலு வயசில் கருணை அடிப்படை என்று ஆர்டர் வந்தது. கீழே இரண்டு தம்பிமார். இரண்டு பேரையும் இவள்தான் படிக்கவைத்தாள், வேலைக்கு அனுப்பினாள், கல்யாணமும் பண்ணிவைத்தாள். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் இவளுக்கு முப்பத்தைந்து. அதற்குமேல் வந்த இடங்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல! பெண்டாட்டியைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவர் ஒருத்தர். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து ஜாதகம் பார்க்கிறவர் ஒருத்தர். மாசச் சம்பளம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கோமு வேண்டாம் என்றாள்.

அந்த வருஷம்தான் குமரகுருபரன் ஏதோ உரிமம் புதுப்பிக்க ஆபீஸுக்கு வந்தது. விதை, உரம் வியாபாரம். பாளையங்கோட்டையில் வீடும் பெரிய கடையும், சேரன்மகாதேவியில் கிளை. ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடும். சத்தம் போட்டுப் பேசமாட்டார், அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்தது. வீட்டில் அன்னத்தாய் என்று பெண்டாட்டியும், பால் பல் விழாத ஒரு மகளும் இருக்கிறதை அவர் மறைக்கவில்லை. முதலிலேயே சொன்னார். யோசித்துச் சொல்லு, அவசரமில்லை என்றார்.

கோமு ஒரு வருஷம் யோசித்தாள். அவள் யோசனையை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் காறித் துப்பலாம். அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்து மேஜை சித்ரலேகாவைத் தினமும் பார்க்கிறாள் இல்லையா? அவள் புருஷன் சம்பளத்தன்றே ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்வான். பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் யாரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாய் என்று போன் வரும். காலையில் நாலரைக்கு எழுந்து இட்லி, மதியச் சாப்பாடு, மாமியாருக்குப் பத்தியம் எல்லாம் செய்துவைத்துவிட்டு வந்து, ஆபீஸில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். இதைப் பார்த்துப் பார்த்துக் கோமுவுக்கு ஒரு முடிவு தோன்றியது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முழுப் புருஷன் தாங்காது. வாரத்தில் மூன்று நாள் புருஷன், நாலு நாள் தன் பாடு தன் சாவி. இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது? சித்ரலேகாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு அமையலியே கோமுக்கா என்றாள்.

பாபநாசத்தில் ஒரு புதன்கிழமை காலையில், கூட்டமில்லாத நேரத்தில், சந்நிதிக்கு வெளியே நின்று அண்ணாச்சி தாலி கட்டினார். அவருடைய சிநேகிதர் பூதலிங்கம் மட்டும் கூட நின்றார். தம்பிமார் இரண்டு பேரும் கேள்விப்பட்டதும் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அன்னத்தாய்க்கு மூன்று மாசத்தில் தெரிந்துபோனது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள் என்று இவள் பயந்ததற்கு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி அங்கே. மற்ற நாளும் தீபாவளியும் பொங்கலும் ஆடி அமாவாசையும் இங்கே என்று புருஷனிடம் ஒரே ஒரு பேச்சாகப் பேசி அனுப்பினாள். கிளைக் கடையில் கணக்கு முடிக்க அந்த மூன்று நாளும் அவர் சேரன்மகாதேவியில் தங்குகிறார் என்று வெளியே பேர்.

இங்கேதான் ஒரு சங்கடம். அரசு வேலையிலிருக்கிற பெண், மனைவி உயிரோடிருக்கிற ஆளைக் கட்டக் கூடாது என்று நடத்தை விதியில் இருக்கிறது. மீறினால் வேலையே போகும். அண்ணாச்சி வியாபாரி; முதல் பெண்டாட்டி கோர்ட்டுக்குப் போகாதவரை அவரை எந்த விதியும் ஒன்றும் கேட்காது. ரெண்டு கட்டினது அவர், வீதிக்கு வரப்போவது இவள்! சம்பாதிக்காத பெண்ணாக இருந்திருந்தால் ஊர் வாயோடு போயிருக்கும். சொந்தக் காலில் நிற்கிறவள் என்பதாலேயே இவள் ஒளிந்து நிற்க வேண்டியிருந்தது. பணிப்பதிவேட்டில் மணமாகாதவர் என்றே இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்குத் தாலியைக் கழற்றி உளுந்து டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டு எடுத்துப் போட்டுக்கொள்வாள். முதல் வாரம் டப்பாவை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். அப்புறம் அது கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி ஆகிவிட்டது.

குடியிருக்கிற வீடு அண்ணாச்சியுடையதுதான். சும்மா இரு என்று எவ்வளவோ சொன்னார். கோமு கேட்கவில்லை. ஒருத்தர் தயவில் நான் இருக்கமாட்டேன் என்று முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதி, மாசாமாசம் பாங்கு வழியாக வாடகை அனுப்பினாள். அவர் சிரித்தார். பெண்டாட்டி வாடகை குடுக்கிற ஒரே புருஷன் நான்தான் என்றார். அவளுக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது.

சந்தோஷமாக இருந்தாளா என்றால், இருந்தாள். பொய் சொல்லக் கூடாது. வியாழக்கிழமை மீன் கிடையாது என்பதால் அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்குவாள், ஏன் என்று கேட்க ஆளில்லை. திங்கள் செவ்வாயில் வாசிப்பாள், ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவாள். நாற்பத்தைந்தில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா திங்கட்கிழமை தேதி கொடுத்தாள். வியாழக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு கேளேன் என்றார் அண்ணாச்சி. கோமு போய்க் கேட்டாள். டாக்டரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாற்றிக்கொடுத்தாள். எனக்காக அவுஹ ஆஸ்பத்திரியில மூணு நாள் உக்காந்திருந்தாஹ என்று இவள் சித்ரலேகாவிடம் பெருமையடித்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தையல் பிரிக்கிற வரைக்கும் தானே எழுந்து தானே கஞ்சி வைத்துக் குடித்ததை மட்டும் சொல்லவில்லை.

இப்படியே பதினெட்டு வருஷம். சித்ரலேகா ஒரு தடவை, நல்லாத்தான இருக்கு கோமுக்கா, நீங்க சொன்ன மாதிரி என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கு என்றுதான் சொன்னாள். ஆனால் சமீப வருஷங்களில் ஒரு ஆசை வந்திருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் தன்னை அவர் சம்சாரம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வயசில் இது என்ன கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இந்த மாசி மாசம் புகார் வந்தது. மொட்டைக் கடுதாசி இல்லை. அன்னத்தாய், கணவர் பெயர் குமரகுருபரன், என்று பேரும் முகவரியும் கையெழுத்தும் போட்டுப் பதிவுத் தபாலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தது. மேற்படி கோமு என்ற அரசு ஊழியர் என் கணவரைத் திருமணம் செய்துகொண்டு வாழ்ந்து வருகிறார், விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை அதிகாரியாக ராஜராஜேஸ்வரி என்று ஒரு அம்மாளைப் போட்டார்கள். நாற்பது வயசுக்காரி, கெட்டவள் இல்லை. போனிலேயே, பதட்டப்படாதீங்க மேடம், உங்க விளக்கத்தை எழுத்துல குடுங்க, அவர் விளக்கத்தையும் வாங்குவோம், ஆதாரம் இல்லைன்னா நான் முடிச்சிருவேன் என்றாள்.

பதினெட்டு வருஷம் கழித்து இந்த அன்னத்தாய்க்கு என்ன வந்தது என்று கோமுவுக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற ஆறு வருஷம் இருக்கிறது. வேலை போனால் பென்ஷனும் இல்லை, பேரும் இல்லை. முப்பது வருஷமாக மேடம் என்று எழுந்து நின்றவர்கள் எல்லாம் அப்புறம் எப்படிப் பார்ப்பார்கள்! அன்றைக்குச் செவ்வாய். அவர் நாளில்லாத நாளில் போன் பண்ணக் கூடாது என்பது பழக்கம். அதை மீறிப் பண்ணினாள். அவர் எடுத்தார், குரலில் ஒரு அசைவில்லை.

“பயப்படாத கோமு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிடுதேன்.”

என்ன எழுதிக் கொடுப்பீங்க என்று கேட்டாள். என்ன எழுதணுமோ அதை எழுதுதேன் என்று வைத்துவிட்டார். அந்த வாரம் வியாழன், வெள்ளி, சனி அவர் வரவில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் வராமல் இருப்பதுதான் புத்தி என்று அவளும் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பத்து நாளில் அவள் மனசு பட்ட பாடு இருக்கிறதே! அவர் பொய் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வேலை நிற்கும். அதே சமயம், அந்தப் பொய் அவருக்கு லேசில் வந்துவிடக் கூடாது. எழுதப் போகிற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இவள் பக்கம் ஒரு தடவை பார்க்க வேண்டும். அது போதும், அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். கோப்பில் எழுதுவது வேறு, வாழ்க்கை வேறு என்று முப்பது வருஷமாகக் கோப்பு பார்த்தவள் நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

விசாரணை சேரன்மகாதேவி ஆபீஸிலேயே, அதிகாரி அறையில். முதலில் கோமு தன் விளக்கத்தைக் கொடுத்தாள். தான் மணமாகாதவர், குமரகுருபரன் என்பவர் வீட்டு உரிமையாளர், தனக்கும் அவருக்கும் வேறு எந்த உறவும் இல்லை. எந்த உறவும் இல்லை என்ற வரியை நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவது தடவைதான் எழுதி முடித்திருந்தாள். வாடகை ஒப்பந்தமும் பாங்குப் பதிவுகளும் கூட இணைத்திருந்தாள். ராஜராஜேஸ்வரி அதைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு தெளிவா யாரும் வச்சிருக்கமாட்டாங்க மேடம், பெண்டாட்டிகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களா என்று ஆறுதலாகச் சிரித்தாள்.

அப்புறம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். இங்கே வைத்து எழுதுவார் என்று கோமு நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருந்தார். உறையிலிருந்து எடுத்து மடிப்பை நீவி மேஜையில் வைத்தார். விதிப்படி அதிகாரி அதை வாய்விட்டு வாசித்தாள்.

“மேற்படி கோமு என்பவர் கடந்த பதினெட்டு ஆண்டுகளாக என் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறார். அவரை நான் என் உடன்பிறவாச் சகோதரியாகவே கருதி வருகிறேன். என் மனைவி வேண்டாதவர்கள் சொன்ன பேச்சை நம்பி இப்புகாரை அளித்துள்ளார்.”

இது நீங்க எழுதினதுதானா என்று அதிகாரி கேட்டாள். ஆமா என்றார். கீழே கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும் போட்டுத் தேதியும் போட்டார். பேனா எங்கேயும் நிற்கவில்லை. இவரிடம் ஏதாவது கேள்வி கேட்க விரும்புறீங்களா என்று முறைப்படி அதிகாரி கோமுவிடம் கேட்டாள். இல்லை மேடம் என்றாள் கோமு. அவர் எழுந்து அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார், அதே கையோடு இவள் பக்கமும் ஒரு கும்பிடு போட்டார், வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கோமுவின் மனசு உடனே ஒரு சாக்கு கண்டுபிடித்தது. எனக்காகத்தானே எழுதினார், என் வேலைக்காகத்தானே இவ்வளவு தூரம் இறங்கி வந்து சகோதரி என்று எழுதினார், அவருக்கும் வலித்திருக்கும், ஆம்பளை, வெளியே காட்டத் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கடைசியாக அன்னத்தாய். கோமு அவளை இதற்கு முன்னால் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அகலக் கரைப் பட்டுச் சேலை, மூக்கில் வைரப் பேசரி, கையில் ஒரு துணிப்பை. புகாருக்கு ஆதாரம் என்ன இருக்கு என்று அதிகாரி கேட்டாள். இப்போது பாபநாசத்தைச் சொல்லப் போகிறாள், பூதலிங்கத்தைச் சொல்லப் போகிறாள் என்று கோமு நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் வேலை போகும். ஆனால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை அவள் ஒருத்திதான் சொல்லக்கூடும். அந்த ஒரு நொடியில், சொல்லட்டுமே என்றுகூடத் தோன்றிவிட்டது இவளுக்கு.

அன்னத்தாய் ஆதாரம் ஒன்றும் இல்லை என்றாள். ஊரில் பேசிக்கொண்டதை வைத்து எழுதிவிட்டேன், தப்பு என்மேல்தான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்த விளக்கங்களில் ஒவ்வொரு நகலும், ஒன்றுமில்லை என்று முடிக்கிற உத்தரவில் ஒரு நகலும் மட்டும் வேண்டும் என்றாள். புகார்தாரருக்குக் கொடுக்கிறதுதான், தாராளமா வாங்கிக்கோங்க என்று ராஜராஜேஸ்வரி நிம்மதியாகப் பேனாவை மூடினாள்.

ஜெராக்ஸ் எடுக்க ஆள் போயிருந்தது. அன்னத்தாய் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோமு வெளியே வந்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். கோமு நின்றுகொண்டே இருந்தாள். ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டாள். அன்னத்தாய் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

“உன் வேலை போகணும்னு நான் நெனைக்கல கோமு. மகளுக்குத் திசையன்விளையில ஒரு இடம் கூடி வந்திருக்கு. ரெண்டாவது குடும்பம் இருக்காமேன்னு கேக்குதாங்க. வாயால இல்லைன்னு சொன்னா யாரு நம்புதா? கவர்மெண்டே விசாரிச்சு, ரெண்டு பேரும் கைப்பட எழுதிக் குடுத்த தாள்னா நம்புவாங்க. வேலையில இருக்கவளா இருந்ததால நீயும் இல்லைன்னுதான் எழுதுவன்னு தெரியும்.”

அவுஹளுக்கு இது தெரியுமா என்று கோமு கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

“புகாரை எழுதினதே அவுஹதான். எனக்கு எங்க அந்தத் தமிழெல்லாம் வரும்? நான் கையெழுத்துதான் போட்டேன்.”

இனிமேல் அவர் அங்கே வருவது சரியாக இருக்காது என்றாள் அன்னத்தாய். ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அது பொய்யாகக் கூடாது பார்த்துக்கொள் என்றாள். வீட்டை இப்போதே காலி பண்ண வேண்டாம், கல்யாணம் முடிகிறதற்குள் பைய ஒரு இடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே முகம் வாடியது.

அவர் எழுதியது வேலைக்காகவும் இல்லை, தனக்காகவும் இல்லை என்று ஆனபின் கோமுவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அது அன்னத்தாய் சொல்லி வந்த வார்த்தையாக இருந்துவிட்டால், அவர் வேறு வழியில்லாமல் எழுதினார் என்றாவது வைத்துக்கொள்ளலாம். அதையும் கேட்டுவிட்டாள்.

“அந்தச் சகோதரிங்கிறதை நீங்கதான எழுதச் சொன்னீங்க?”

அன்னத்தாய் இவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது மாதிரி இருந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாடகைக்கு இருக்கான்னு எழுதினாப் போதும்னுதான் நான் சொன்னேன். சகோதரி அவுஹளாப் போட்டுக்கிட்டது.”

நகல்கள் வந்தன. அன்னத்தாய் அதை ஒழுங்காக மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கோமு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சித்ரலேகா ஓடிவந்து என்னாச்சுக்கா என்று கேட்டாள். வேலைக்கு ஒண்ணுமில்லை, முடிச்சிட்டாங்க என்றாள் கோமு. சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, முப்பது வருஷத்தில் அந்த ஆபீஸில் யாரும் பார்த்திராத மாதிரி அழுதாள். சித்ரலேகா முதுகைத் தடவிக்கொடுத்தாள். கும்பிட்ட தெய்வம் கைவிடல பாத்தீங்களா என்றாள். வேலை நிலைத்த சந்தோஷத்தில் மேடம் அழுகிறார்கள் என்று பியூன் போய் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.